அடுக்கும் அதன் எண்ணும்

எரிமலைப் பாறைக்கு வயது சொல்ல வழி இருக்கிறது. அதிலுள்ள சிர்கான் மணிகளில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்தால் ஆண்டுக்கணக்கு கிடைத்துவிடும். கடலடியில் சேறாகப் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல்லில் அந்த வசதி பொதுவாக இல்லை. இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதியில், முத் கிராமத்தைச் சுற்றி, 12,000 அடிக்கு மேல் மலைச்சுவராக நிற்பது இந்தக் கல்தான். இந்தியா ஆசியாவோடு மோதுவதற்கு வெகுகாலம் முன்பு, டெதிஸ் கடலின் தென்கரையோரம் படிந்தது அது. எப்போது படிந்தது என்று தெரிய வேண்டுமானால், அந்தக் கடலில் அப்போது வாழ்ந்தவற்றைத்தான் கேட்க வேண்டும்.

நான் கேட்பது கோனோடான்ட்களை. இவை விலாங்கு வடிவத்தில், எலும்பில்லாத உடலோடு நீந்தித் திரிந்த சிறிய கடல்விலங்குகள். உடல் மட்கிப் போய்விடும். வாய்க்குள் இருந்த பல் போன்ற உறுப்புகள் தங்கிவிடும். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியவை. நம் பல்லைப் போலவே கால்சியம் பாஸ்பேட்டால் ஆனவை. 1856இல் பாண்டர் இவற்றை முதன்முதலாக விவரித்தபோது மீன்பற்கள் என்றே கருதினார். எடின்பரோவை அடுத்த கிராண்டனில் கிடைத்த முழு உடலின் பதிவை பிரிக்ஸ், கிளார்க்சன், ஆல்ட்ரிஜ் மூவரும் 1983இல் வெளியிட்ட பிறகுதான் விலங்கின் உருவம் தெரிந்தது. ஆனால் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே எங்கள் துறை இவற்றை வைத்துப் பாறைகளை வரிசைப்படுத்தி வந்தது. இவை இன்ன விலங்கின் பற்கள் என்று தெரியாமலேயே, எந்த வடிவம் எதற்கு முன், எதற்குப் பின் என்பது தெரிந்திருந்தது. வயது சொல்ல அந்த முன்பின் போதும்.

ஆகவே வேலையின் உயிர் களத்தில் இருக்கிறது. மலையில் நான் முதலில் பார்ப்பது எது அடி, எது மேல் என்பதை. இமயத்தில் பாறை மடிந்திருக்கும். சில இடங்களில் முழு அடுக்கும் தலைகீழாகப் புரண்டிருக்கும். அலைத்தடம், புழுத்துளை, மணலின் பருமன் மாறும் விதம் ஆகியவற்றைப் பார்த்து மேல்பக்கத்தை உறுதி செய்தபிறகே அடுக்குகளுக்குக் கீழிருந்து மேலாக எண் போடுவேன். பிறகு ஒவ்வோர் அடுக்கின் கனத்தையும் நாடா வைத்து அளந்து, மழையும் பனியும் தின்ற மேற்புறத்தைச் சுத்தியலால் தட்டி எறிந்துவிட்டு, உள்ளிருக்கும் புதுக்கல்லில் சில கிலோ எடுப்பேன். பையின் மேல் எண், பைக்குள் போடும் சீட்டில் எண், கள நோட்டில் எண். மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆய்வகத்தில் கல்லை உடைத்து, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் ஊறவைக்கிறோம். சுண்ணாம்பு நுரைத்துக் கரையும், பாஸ்பேட் தங்கும். அமிலம் கடுமையானால் பற்களையும் அரித்துவிடும். அதனால் முந்தைய கரைசலில் மிஞ்சிய கால்சியம் அசிட்டேட் நீரைக் கொஞ்சம் சேர்த்து அதன் வேகத்தைத் தணிப்போம். டோலமைட் கலந்த கல் அசிட்டிக்கில் அசையாது. அதற்கு ஃபார்மிக் அமிலம் வேண்டும். எஞ்சியதை நுண்சல்லடையில் கழுவி, சோடியம் பாலிடங்ஸ்டேட் போன்ற கனத்த திரவத்தில் இடுகிறோம். குவார்ட்ஸ் மணல் மிதக்கும். அதைவிட அடர்த்தி மிகுந்த கோனோடான்ட் அடியில் தங்கும். அதன்பின் கறுப்புத் தட்டில் பரப்பி, நுண்ணோக்கியின் கீழே ஈரமான மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்குவதைப் போன்ற வேலை இது. நிதானம் உள்ளவர்களுக்கு இது மிகவும் இன்பமானது.

இந்தப் படியில் நான் மிகவும் வலியுறுத்துவது சல்லடையின் தூய்மையை. ஒரு மாதிரியைச் சலித்ததும் சல்லடையை மெத்திலீன் நீலத்தில் நனைத்தால், அதன் கண்களில் சிக்கிய பழைய துகள்கள் நீலமேறும். அடுத்த மாதிரியில் நீலத்துகள் தெரிந்தால் அது அந்த மாதிரிக்கு உரியதல்ல என்று தள்ளிவிடலாம். ஒரே ஒரு பல் தப்பான தட்டில் விழுந்தாலும் ஒரு மலையின் வரலாறு பல லட்சம் ஆண்டு பிசகும்.

கிடைத்த பல்லின் நிறமும் பேசும். வெப்பம் ஏற ஏற அது வெளிர்மஞ்சளிலிருந்து பழுப்பாகி, கறுத்து, இன்னும் சூடேறினால் சாம்பலும் வெள்ளையும் ஆகும். 1977இல் எப்ஸ்டீன்களும் ஹாரிஸும் இதை ஒரு அளவுகோலாக்கினார்கள். கல் எவ்வளவு ஆழம் புதைந்து வெந்தது என்பதை, வயதோடு சேர்த்தே அதே துகளில் படிக்கலாம்.

ஆனால் பல் பொய்யும் சொல்லும். பாஸ்பேட் உறுதியானது, பழைய பாறை அரிக்கப்படும்போது உடையாமல் உருண்டு வந்து புதிய சேற்றில் மறுபடியும் புதையும். அப்போது கல் தன் வயதைவிட மூத்ததாகத் தோன்றும். மாறாக, பழைய சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்குள் பின்னாளைய சேறு இறங்கினால் இளையதாகத் தோன்றும். மிக மெதுவாகப் படிந்த ஒரு சாண் கனமுள்ள அடுக்கில் வெவ்வேறு காலத்தவை கலந்து கிடப்பதும் உண்டு. இதனால்தான் ஓரினம் கிடைத்ததும் நான் தீர்ப்புச் சொல்வதில்லை. அதனோடு கிடைத்தவை எவை, அடியிலும் மேலேயும் உள்ள அடுக்குகளில் எவை, எது முதன்முதலாக எங்கே தலைகாட்டுகிறது என்று முழு வரிசையையும் பார்க்கிறேன். பல் தேய்ந்திருக்கிறதா, நிறம் மற்றவற்றோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்கிறேன்.

அப்படியானால் ஆண்டுக்கணக்கு எங்கிருந்து வருகிறது? டிரையாசிக் காலத்தின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 1880இல் கிரீஸ்பாக் இமயப் பாறைகளில் கண்ட ஓட்டோசெராஸ் என்ற சுருள்கூட்டு உயிரை வைத்து அந்த எல்லையைக் குறித்தார். 2001இல் உலகப் புவியியலாளர்கள் அதை மாற்றி, சீனத்தின் மெய்ஷானில் ஹிண்டியோடஸ் பார்வஸ் என்ற கோனோடான்ட் முதலில் தோன்றும் புள்ளியை எல்லையாக்கினார்கள். அங்கே அந்தப் புள்ளிக்குக் கீழும் மேலும் எரிமலைச் சாம்பல் படிவுகள் இருக்கின்றன. அவற்றின் சிர்கானை அளந்துதான் 25.19 கோடி ஆண்டு என்ற எண் வந்தது. அதே பல் வேறொரு மலையில் கிடைக்கும்போது மெய்ஷானின் எண்ணை அங்கே கடன் வாங்குகிறோம். கடன் செல்லுபடியாவது, இரு இடங்களிலும் வரிசை பொருந்தினால் மட்டுமே. டிரையாசிக்கின் உள்ளே, ஒலெனேகியன் காலத்தின் தொடக்கத்தைக் குறிக்க முன்மொழியப்பட்ட இடங்களுள் முத் கிராமத்தின் அடுக்குகளும் ஒன்று. அங்கே அடுக்கின் எண்ணை ஏன் அவ்வளவு கவனமாக எழுதுகிறோம் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

1860களில் ஸ்பிதியில் நடந்து இந்தப் பாறைத்தொடர்களை விவரித்தவர் ஃபெர்டினான்ட் ஸ்டோலிச்கா. அரியலூர், திருச்சிப் பகுதியின் கிரெட்டேசியக் கடலுயிர்களை விரிவாக எழுதியவரும் அவரே. அவருக்கு அமிலமுறையோ மின்னணு நுண்ணோக்கியோ இல்லை. இருந்தும் அவர் பெயரிட்ட பாறைத்தொடர்களை இன்றும் மலையில் போய் அடையாளம் காண முடிகிறது. எது எதன் மேல் கிடக்கிறது என்று எழுதிவைத்தார் என்பதே காரணம்.

என்னிடம் படிக்க வருபவர்கள் நுண்ணோக்கியில் உட்காரவே ஆசைப்படுவார்கள். நான் முதலில் நாடாவையும் நோட்டையும் கொடுக்கிறேன். எதுவும் கிடைக்காத மாதிரியையும் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதச் சொல்கிறேன். ஓரினம் ஓரடுக்கில் முதலில் தோன்றியது என்று சொல்ல, அதன் அடியில் தேடியும் கிடைக்கவில்லை என்ற சாட்சி வேண்டும். இனப்பெயரில் ஐயம் வந்தால் பத்தாண்டு கழித்தும் பல்லை எடுத்து மறுபடி பார்க்கலாம், பெயரைத் திருத்தலாம். எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பது தொலைந்துபோனால், அந்தப் பல்லிலிருந்து அதை மீட்க வழியே இல்லை.