வழியிலிருந்து ஒரு வார்த்தை



18 நாள் பயணத்தை முடித்துக்கொண்டு, சென்ற வாரம் வியாழக்கிழமை காலையில் நானும் என் மனைவியும் கர்த்தருடைய கிருபையால் சுகமாய் ஊர் வந்து சேர்ந்தோம். நாங்கள் இல்லாத இரண்டு ஞாயிறுகளிலும் ஆராதனையைப் பொறுப்பாய் நடத்திய உபதேசியார் அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. சென்னையில் மகன் வீடு, நாக்பூரில் மைத்துனர் வீடு, டெல்லியில் என் அக்காள் வீடு, அதற்கப்பால் ஜம்முவில் நம் சபையின் மகன் ஒருவன் பணியாற்றும் இடம் என்று, நெடுநாள் முகம் பாராதிருந்தவர்களைப் பார்த்து வருவதற்காகப் போன பயணம் இது. பார்த்த இடங்களைப் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். அவற்றை நேரில் பேசிக்கொள்வோம். நாள்தோறும் வீட்டுக்குச் செய்தி சொன்னதைப் பற்றி மட்டும் இந்த வாரம் எழுதுகிறேன்.

என் தாயாருக்கு 86 வயது. என் தம்பியின் குடும்பத்தோடு இங்கே இருக்கிறார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். எங்கள் குடும்பத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு; அதில் 31 பேர். வண்டி ஏறினோம் என்று எழுதினால் பத்துக் கட்டைவிரல்கள் உயரும். படம் ஒன்று போட்டால் இதயங்கள் வந்து குவியும். ஆனால் எங்களுக்காக உண்மையில் காத்திருந்த ஒருவர் அந்த 31 பேரில் இல்லை. அவர்களிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய கைபேசி. மாலை 7 மணிக்குக் குடும்ப ஜெபம் முடிந்ததும் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். ஆகையால் குழுவுக்கு என்ன எழுதினாலும் எழுதாவிட்டாலும், அந்த வேளைக்குக் குரலில் பேசுவது என்று புறப்படும்போதே முடிவு செய்துகொண்டோம்.

பேசினால் "சுகமாயிருக்கிறோம்" என்பதோடு அவர்கள் விடுவதில்லை. "எய்யா, என்ன சாப்பிட்ட? பக்கத்து சீட்டுல யாரு இருக்கா? ராத்திரி குளுந்துச்சா?" சென்னையிலிருந்து டெல்லி வரை தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர் ஓடுகிறது. நாங்கள் அதை நாக்பூரில் ஒரு நாள் முறித்துப் போனோம். பல்லார்ஷாவை நெருங்கும்போது காட்டின் நடுவே இலைகள் பழுத்து நின்றதையும், எதிர் இருக்கையில் வந்த விஜயவாடாக் குடும்பத்தார் எங்கள் புளியோதரையை வாங்கிக்கொண்டு பதிலுக்குக் கோங்குராத் துவையல் தந்ததையும் சொன்னேன். அதன் பிறகுதான் அவர்கள் குரலில் ஓர் இளைப்பாறுதல் தெரிந்தது. சுகம் என்பதை எவரும் சொல்லிவிடலாம்; புளியோதரையை யாருக்குக் கொடுத்தோம் என்பதைச் சுகமாயிருக்கிறவன்தான் சொல்லுவான் என்பது அவர்கள் கணக்கு.

எபேசு சபைக்கும் கொலோசெ சபைக்கும் பவுல் எழுதின நிருபங்களின் கடைசிப் பகுதியை நாம் பெரும்பாலும் வேகமாய் வாசித்துக் கடந்துவிடுகிறோம். இரண்டிலும் தீகிக்கு என்னும் சகோதரர் வருகிறார். பவுல் காவலில் இருக்கிறார். தம்முடைய நிலைமையையெல்லாம் தீகிக்கு நேரில் வந்து அறிவிப்பார் என்று இரண்டு சபைகளுக்கும் எழுதுகிறார் (எபேசியர் 6:21, 22, கொலோசெயர் 4:7-9). உபதேசத்தை எழுத்தில் வைத்தவர், தம் சொந்தச் சுகதுக்கத்தை ஒரு மனிதனுடைய வாயில் வைத்து அனுப்புகிறார். நிருபத்தை எத்தனை முறை வாசித்தாலும் அதனிடம் திருப்பிக் கேள்வி கேட்க முடியாது. தீகிக்குவைக் கேட்கலாம். அவருக்குச் சாப்பாடு யார் கொண்டுவருகிறார்கள், குளிருக்குப் போர்வை உண்டா, முகம் வாடியிருக்கிறதா என்று அந்தச் சபைகளிலிருந்த தாய்மார் கேட்டிருக்கமாட்டார்களா? கேட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

செய்தி போய்ச் சேருவது ஒரு காலத்தில் எவ்வளவு கடினமாயிருந்தது என்பதை நம் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1974-ஆம் ஆண்டு என் தகப்பனார் வேலைக்காகப் பம்பாய்க்குப் போனார்கள். சேர்ந்த அன்றே, மனைவி கலங்கக்கூடாதே என்ற நல்லெண்ணத்தில் ஒரு தந்தி கொடுத்தார்கள். தந்தி என்றால் சாவுச் செய்தி என்றே நம் ஊர் அறிந்திருந்த காலம் அது. தந்திச் சேவகர் தெருமுனையில் சைக்கிளைவிட்டு இறங்கினதுமே எங்கள் வீட்டில் ஒப்பாரி தொடங்கிவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து ஆசிரியரை அழைத்துவந்து, ஆங்கிலத்திலிருந்த அதை வாசிக்கச் சொல்லி, "சுகமாய்ச் சேர்ந்தார் என்றுதான் போட்டிருக்கிறது" என்று அவர் சொல்லும்வரை அழுகை ஓயவில்லை. 2013 ஜூலையில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டபோது செய்தித்தாள்கள் வருந்தி எழுதின. என் தாயார் மட்டும், "நல்லதாப் போச்சு" என்றார்கள்.

நான் இளைஞனாய் ராஞ்சிப் பக்கத்தில் ஊழியம் செய்த நாட்களில் நீலநிற இன்லாண்டு கடிதம்தான் எனக்குத் துணை. அது ஊர் வந்து சேர ஒரு வாரம், சில வேளை பத்து நாள். எனக்குக் காய்ச்சல் என்று எழுதினால், கடிதம் வீட்டை அடையும்போது காய்ச்சல் போயிருக்கும். அவர்கள் பதறி எழுதின பதில் எனக்குக் கிடைக்கும்போது நான் பிள்ளைகளோடு பந்து விளையாடிக்கொண்டிருப்பேன். பின்பு மஞ்சள் பலகை வைத்த எஸ்டிடி கடைகள் வந்தன. இரவு 11 மணிக்குமேல் கால்வாசிக் கட்டணம் என்பதால் தூக்கக் கண்களோடு வரிசையில் நின்று, மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசின தலைமுறை நாம்.

இன்றும் ஒரு காரியம் அந்நாட்களைப் போலவே இருக்கிறது. சொல்லாமல் வருகிற மௌனம்தான் வீட்டிலிருப்பவர்களை அச்சுறுத்துகிறது. ஜம்மு-காஷ்மீருக்குள் வெளிமாநிலங்களில் வாங்கின பிரீபெய்டு சிம் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு இணைப்புகளுக்கு இந்தத் தடை இல்லை. எங்கள் இருவருடையதும் பிரீபெய்டு. ரயில் பதான்கோட்டைக் கடந்ததும் கைபேசி ஊமையாகிவிடும் என்பதை அறிந்திருந்ததால், ஊரைவிட்டுப் புறப்படும் முன்பே தாயாரிடம் நாட்காட்டியைக் காட்டி, "இந்தத் திங்கள் தொடங்கி வியாழன் சாயங்காலம்வரை என்னிடமிருந்து பேச்சு வராது. டெல்லிக்குத் திரும்பினதும் வியாழன் ராத்திரி கூப்பிடுவேன்" என்று சொல்லிவைத்தேன். அந்த நான்கு நாட்களையும் பென்சிலால் கட்டம் கட்டிக்கொண்டார்கள். "சரி, அப்போ வியாழக்கிழமை வரைக்கும் நான் பயப்படமாட்டேன்" என்றார்கள். விடுமுறைக்கு வெளியூர் புறப்படும் பிள்ளைகளே, எந்த நேரத்தில் உங்கள் இணைப்பு அறுந்துபோகும் என்பது பயணச்சீட்டைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஜம்முவில் நாங்கள் பார்த்த மகனைக்குறித்து அதிகம் எழுதமாட்டேன். 56 ஏபிஓ, 99 ஏபிஓ என்று முடியும் முகவரிகள் நம் சபைப் பதிவேட்டில் ஏழு இருக்கின்றன. அவன் எந்த இடத்தில் இருக்கிறான் என்று நான் எழுதவும் கூடாது, அவனோடு எடுத்த படத்தைக் குழுவில் போடவும் கூடாது. (வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பமாய்ப் புறப்படுகிறவர்களும் அந்தச் செய்தியை நாடறியப் போடாதிருப்பது நல்லது.) அவனுடைய தாயார் ஒரு டப்பா நிறைய முந்திரிக்கொத்துச் செய்து கொடுத்தனுப்பியிருந்தார்கள். ஈசாய் தன் இளைய குமாரனிடம் வறுத்த தானியமும் பத்து அப்பமும், சேனைத்தலைவனுக்குப் பத்துப் பால்கட்டியும் கொடுத்துப் போர்முனைக்கு அனுப்பினானே (1 சாமுவேல் 17:17, 18), அதே காரியம். சகோதரர் சுகத்தை விசாரித்துவிட்டு வெறுங்கையாய்த் திரும்பாமல் அவர்களிடம் ஓர் அடையாளம் வாங்கிவா என்றும் அந்தத் தகப்பன் சொல்லியிருந்தான். இந்தத் தாயும் அப்படியே சொன்னார்கள்: "வாரம் ஒருதரம் போன்ல பேசுறான் ஐயா. ஆனா அவன் கையெழுத்தைப் பார்த்து ரெண்டு வருஷமாச்சு." அவனிடம் அதைச் சொன்னபோது சற்று நேரம் பேசாமலிருந்தான். பிறகு என் மனைவியின் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துவாங்கி, இரண்டு பக்கமும் எழுதிக் கொடுத்தான். ஊர் வந்த மறுநாள் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மெலிந்திருக்கிறானா என்று கேட்டார்கள். கன்னம் சற்று ஒட்டியிருக்கிறது என்றேன், இருந்ததைத்தானே சொல்லவேண்டும்.

டெல்லியில் இருந்ததைச் சொல்வதுதான் கடினமாயிருந்தது. அக்காளின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். அக்காளுக்கு 64 வயது. செவிலியராய் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள். ஆகஸ்டு மாதத்திலிருந்து அவர்களுக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 4 மணி நேரம் டயாலிசிஸ் நடக்கிறது. நாள் ஒன்றுக்குக் குடிக்கும் தண்ணீரையும் ஒரு சில்வர் டம்ளரால் அளந்துதான் குடிக்கிறார்கள். மைத்துனர் கொடுத்தனுப்பிய நாக்பூர் ஆரஞ்சுக் கூடை வீடெல்லாம் மணந்தது. பொட்டாசியம் சேரக்கூடாது என்று அக்காள் ஒரு சுளையும் தொடவில்லை. எங்களுக்கு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தாயாருக்கோ, அக்காளுக்கு முழங்கால் வலி, அதனால் ஊருக்கு வர முடியவில்லை என்று மட்டும் சொல்லப்பட்டிருந்தது. "86 வயசுல அம்மாவுக்கு இது எதுக்குடா? தாங்கமாட்டாங்க. நல்லா இருக்கேன்னு சொல்லிடு" என்றார்கள் அக்காள். அன்பினால் சொன்ன வார்த்தைதான். இப்படிச் சொல்லாத குடும்பம் நம் சபையில் எத்தனை உண்டு? ஆனால் பொய்ச் செய்தி வந்த ஒரு வீட்டை வேதத்தில் நாம் அறிவோம். சகோதரரின் சுகம் அறிந்துவரும்படி அனுப்பப்பட்ட யோசேப்புக்குப் பதிலாக அவனுடைய அங்கி மட்டும் இரத்தம் தோய்ந்து வந்தது. அதை நம்பி யாக்கோபு 20 ஆண்டுகளுக்குமேல் துக்கித்தான். அது பகையினால் சொன்ன பொய், இது பாசத்தினால் சொல்வது என்ற வித்தியாசத்தை நான் மறுக்கவில்லை. ஆனாலும் வீட்டிலிருப்பவர் உண்மையை அறியாமல் வாழ்கிறார் என்பது இரண்டிலும் ஒன்றுதானே.

பவுல் அப்படிச் செய்யவில்லை என்று அக்காளிடம் சொன்னேன். எப்பாப்பிரோதீத்து மரணத்துக்குச் சமீபமாய் வியாதிப்பட்டிருந்ததைப் பிலிப்பியருக்கு அவர் மறைக்காமல் எழுதுகிறார் (பிலிப்பியர் 2:25-30). ஆசியாவில் தாம் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போகும்படி பட்ட உபத்திரவத்தைக் கொரிந்தியர் அறியாமலிருப்பதை அவர் விரும்பவில்லை. அவர்களுடைய ஜெபம் தமக்கு உதவி என்கிறார் (2 கொரிந்தியர் 1:8-11). செய்தி போனால்தானே ஜெபம் வரும்? அக்காள் வெகுநேரம் பதில் சொல்லவில்லை. ஞாயிறு பிற்பகல், நாங்கள் ஜம்மு வண்டிக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது, "நீ சொல்லவேண்டாம், நானே சொல்லுறேன்" என்று கைபேசியை எடுத்தார்கள்.

முழுவதையும் சொல்லி முடித்தபோது மறுபுறத்தில் சத்தமில்லை. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு தாயாரின் குரல் வந்தது.

"எனக்குத் தெரியும்ளா. ஆவணி மாசத்துலருந்து உன் பேச்சுல மூச்சு வாங்குது. முழங்கால் வலிக்கு மூச்சு வாங்குமா? கேட்டா நீ மறைப்பேன்னுதான் கேக்கல. உன் பேரைச் சொல்லித்தான் தினம் ஜெபிக்கேன், ஆனா என்னத்துக்குன்னு தெரியாமல்லா ஜெபிச்சிட்டிருந்தேன்." சற்று நிறுத்தி, "எத்தனை டம்ளர் தண்ணி குடிக்க விடுறாங்க?" என்று கேட்டார்கள்.

அழுதது அக்காள்தான். அந்தப் பேச்சு 40 நிமிடம் நீண்டது. நாங்கள் வண்டியைத் தவறவிட்டுவிடுவோமோ என்றுகூட அஞ்சினேன்.

வியாழக்கிழமை இரவு டெல்லி திரும்பி, சொல்லியிருந்தபடி வீட்டுக்குக் கூப்பிட்டேன். நான் ஜம்முவைப் பற்றித் தொடங்குவதற்குள், டெல்லிச் செய்தியெல்லாம் திருநெல்வேலியிலிருந்து எனக்கு வந்தது: அன்றைக்கு டயாலிசிஸ் முடிந்தபின் அக்காளுக்கு இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது, கால் குடைச்சல் இருந்தது, இரவுக்கு இரண்டு இட்லி சாப்பிட்டார்கள். தாயாரின் நாட்காட்டியில் இப்போது செவ்வாய், வியாழன், சனிக்கெல்லாம் பென்சில் கட்டம் இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்தன்றும் பிற்பகல் 2 மணிக்கு அவர்களே கூப்பிடுகிறார்கள். நாங்கள் ஊர் திரும்பிய பிறகு வந்த சனிக்கிழமையன்று அக்காள் எடுக்கவில்லை. நான் எழுந்துபோய் என்ன ஆயிற்றோ என்று கேட்டேன். "இன்னிக்கு மிஷினுக்குக் கூட்டம் இருக்கும்யா, ஒரு மணி நேரம் பிந்தும். நீ போய் உக்காரு" என்றார்கள்.