பரீட்சார்த்த வசதிகளும் அத்தானின் மடிக்கணினியும்

துணுக்காயில் இருக்கும் அத்தானுக்குத் தமிழ்த் தட்டச்சுப் பழக்கியவன் நான்தான். ஓய்வுபெற்ற ஆசிரியர். போர் முடிந்து ஊர் திரும்பிய பின், இடப்பெயர்வுகளில் தொலைந்துபோன குடும்பக் கதைகளை நினைவிலிருந்து எழுதத் தொடங்கியிருந்தார். பாமினி விசைப்பலகை அவர் விரல்களுக்கு வசப்படவில்லை. ஆங்கில எழுத்துகளில் ஒலிப்பை அடித்தால் தமிழில் விழுகின்ற இலவசக் கருவி ஒன்றை நிறுவிக் கொடுத்தேன். அது பரீட்சார்த்த நிலையில் இருப்பதாக ஒரு மூலையில் எழுதப்பட்டிருந்ததை நானும் வாசிக்கவில்லை. நிபந்தனைகளை யார்தான் வாசிக்கிறார்கள்?

சில ஆண்டுகளில் அந்த மடிக்கணினி பழுதாயிற்று. புதியதில் நிறுவுவதற்குக் கருவியைத் தேடினால், உரிய நிறுவனம் அதனை விலக்கிக்கொண்டு விட்டிருந்தது. "தம்பி, நீர்தானே பழக்கினீர். இப்ப நான் என்ன செய்யிறது?" என்று தொலைபேசியில் கேட்டார். முப்பது ஆண்டுகளாகப் பிறரைக் கேள்வி கேட்டுப் பிழைத்த எனக்கு அதற்குப் பதில் வரவில்லை.

பரிசோதனையே கூடாது என்பது என் கட்சியன்று. 2008 யூன் மாதத்தில் ஜிமெயில் தனது 'லாப்ஸ்' பகுதியை 13 வசதிகளுடன் திறந்தபோது, இவை மாறலாம், பழுதாகலாம், சொல்லாமல் மறையலாம் என்று வெளிப்படையாகவே அறிவித்தது. விரும்பியவர் தாமே தெரிவு செய்ய வேண்டும். அஞ்சற்பெட்டி திறக்காமல் சிக்கிக்கொண்டால், அவற்றை நிறுத்தி உள்ளே நுழைவதற்கு ஒரு தனி முகவரியும் இருந்தது. வார இறுதி இரவுகளில் கணக்குச் செய்து காட்டினால்தான் மடலை அனுப்பவிடும் வசதி ஒன்றும் அங்கே வந்தது. (மதுவருந்திவிட்டு மடல் எழுதுவோருக்காம்!) அது மறைந்துபோயிற்று. அனுப்பிய மடலை உடனே மீளப்பெறும் வசதியோ 2009இல் அங்கே பரீட்சார்த்தமாக நுழைந்து, 2015இல் நிரந்தரமாயிற்று. எது நிலைக்கும் என்பதைப் பாவித்துப் பார்த்தவர்களே காட்டிக்கொடுத்தார்கள். 2011இல் கூகிள் மொழிபெயர்ப்பில் தமிழ் சேர்ந்ததும் இவ்வாறு சோதனை நிலையில்தான். அன்று அதன் வாக்கியங்களை வாசித்து நாங்கள் சிரித்தோம்; பின்னாளில் அவசரத்துக்கு அதனையே நாடினோம்.

வவுனிக்குளத்து நீரை நம்பி விதைப்பவர்கள் புதிய நெல்லினத்தை முதலில் ஒரு துண்டு வயலில்தான் போட்டுப் பார்ப்பார்கள். பழைய விதைநெல் வீட்டில் மூட்டையாக இருக்கும். அத்தானிடம் நான் வேறு மூட்டை எதையும் வைக்கச் சொல்லவில்லை. பிழை அங்கேதான்.

ஆனால், அவர் எழுதியவை யாவும் ஒருங்குறியில் இருந்தன. கருவி போயும் எழுத்துப் போகவில்லை. புதிய கணினியில் அப்படியே திறந்தன. என் பழைய பாமினிக் கட்டுரைகள் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் இன்றும் வெறும் ஆங்கிலக் குப்பையாகவே தெரிகின்றன.

இப்போது அத்தான் கைத்தொலைபேசியில் ஒற்றை விரலால் அடிக்கிறார். எழுதியதை மல்லாவிக்குக் கொண்டுபோய் அச்செடுத்துக் கோப்பில் இடுகிறார். கதை 1995 வரை வந்திருக்கிறது.