அந்தப் படத்தைக் கெடுத்தவன் நான்

எங்கள் கூடத்துக் கிருஷ்ணர் படத்தைக் கெடுத்தவர் வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்கா அல்ல. கெடுத்தவன் நான். பழி அவர்மேல் விழுந்தபோது பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன், வாய் திறக்கவில்லை. புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் எங்கள் தெருக்காரர்களுக்கு இது வேறு விதமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அதைத் திருத்தவே எழுதுகிறேன்.

அது தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம். பலகையில் துணி ஒட்டித் தங்க ரேக்கு பதிக்கும் தஞ்சாவூர்ப் படம் வேறு, இது வேறு. இதில் கண்ணாடியின் பின்பக்கத்தில் வரைவார்கள், நாம் முன்பக்கமிருந்து பார்ப்போம். அதனால் வேலையே தலைகீழ். மற்ற படங்களில் கடைசியில் தீட்டுகிற கண்மணி, நகை, மெல்லிய கோடுகள் எல்லாம் இதில் முதலில் வந்தாக வேண்டும். உடம்பின் நிறம் அதற்கப்புறம், திரைச்சீலையும் பின்னணியும் கடைசியில். இடம் வலமாகும் என்பதையும் மனதில் வைத்தே கை ஓட வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் செழித்த கலை. சூளையில் சுட்டுப் பதித்த வண்ணமல்ல அது; கண்ணாடியின்மேல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். ஈரம் உள்ளே நுழைந்தால் பிடி விட்டுவிடும். கீறல் விழுந்தது என்று வேறு கண்ணாடி மாற்றவும் முடியாது. கண்ணாடிதான் படம்.

அம்மாவுக்கு அவர் பாட்டி வழியாக வந்தது. தவழ்கிற கிருஷ்ணன், எதிரே வெண்ணெய்ப் பானை.

கடலோர வீட்டில் கண்ணாடி பளிச்சென்று இருக்காது. வடக்கு வைத்திக்குப்பத்தில் கடல் அரித்த கரைக்குக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள்; ஆனாலும் காற்றில் மணல் வருவது நிற்கவில்லை. உப்பு கண்ணாடியைக் கீறாது. மோஸ் அளவுகோலில் உப்பின் கடினம் 2.5, வீட்டுக் கண்ணாடி 5.5 வாக்கில், கடல்மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. உப்பு செய்கிற வேலை வேறு: ஈரத்தை இழுத்துப் பிசுபிசுப்பாகி மணல்துகளைப் பிடித்துவைக்கிறது. அதன்மேல் உலர்ந்த துணியைப் போட்டு இழுத்தால், துணிக்கு அடியில் மணல் கண்ணாடியை உழுதுகொண்டே போகும். வெள்ளிக்கிழமைதோறும் அக்கா துடைத்தார், உண்மை. காய்ந்த துணியால் அழுத்தித் துடைக்கச் சொன்னது நாங்கள், தண்ணீர் பட்டால் வண்ணம் போய்விடும் என்ற பயத்தில். முதலில் மெல்லிய தூரிகையால் தூசைத் தட்டிவிட வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. ஆக, வருஷக்கணக்கில் விழுந்த அந்த மயிரிழைக் கோடுகளுக்கும் அவர் பொறுப்பில்லை.

மாசி மகத்தன்று தீர்த்தவாரி எங்கள் கடற்கரையில்தான். மயிலம் முருகன், தீவனூர்ப் பிள்ளையார் என்று சுற்றுவட்டாரத்து உற்சவ மூர்த்திகள் வந்து சேருவார்கள். அவர்களோடு எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அந்த வருஷம் அம்மா, “படம் மங்கிக் கெடக்கு, வர்றவங்க கேப்பாங்க” என்றார். உறவில் எனக்கு ஒரு பெயர் உண்டு: எது உடைந்தாலும் சரிபண்ணிவிடுவான். அந்தப் பெயரை நான் வேலையைவிட அதிகமாக நேசித்தேன். நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்.

முதலில் பல்பொடியைக் குழைத்துத் தேய்த்தேன். கோடுகள் போகவில்லை, மேலே ஒரு மங்கல் படர்ந்தது. அப்புறம் ஒரு கண்ணாடிக் கடையில் விசாரித்தேன். “நகத்தால தடவிப் பாருங்க சார். நகம் சிக்கலைன்னா பாலிஷ்ல போயிரும். சிக்கிச்சுன்னா விட்டுருங்க” என்றார் கடைக்காரர். பிறகு, “பின்னாடி ரசமோ பெயின்ட்டோ இருந்தா தண்ணி வெச்சுத் தேய்க்காதீங்க. என்ன கண்ணாடி அது?” என்று கேட்டார். ஜன்னல் கண்ணாடி என்றேன். இந்த விஷயத்தில் நான் சொன்ன முதல் பொய் அது.

அவர் கொடுத்தது சீரியம் ஆக்சைடு, இளஞ்சிவப்புப் பொடி. இந்தப் பொடி வெறுமனே உராய்ந்து தேய்ப்பதில்லை. தண்ணீர் இருக்கும்போது கண்ணாடியின் மேல்பரப்பிலுள்ள சிலிக்காவோடு வேதியியலாகப் பிணைந்து, அதை மெல்ல மெல்ல எடுத்துவிடுகிறது. அதனால் தண்ணீர் இல்லாமல் வேலை நடக்காது. கீறலையும் யாரும் எடுப்பதில்லை. கீறலின் அடிமட்டம் எதுவோ அதுவரைக்கும் சுற்றியிருக்கிற கண்ணாடியைத் தேய்த்து இறக்குகிறோம். அகலமாக, பொறுமையாக, சூடேறாமல் இறக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் அங்கே குழி விழுந்து உருவம் நெளியும்.

நான் ட்ரில் மெஷினில் ஃபெல்ட் பேடை மாட்டி, முகத்துக்கு மேலே ஓடிய ஒரு கோட்டை மட்டும் குறிவைத்து நின்றேன். சட்டத்தைக் கழற்றக்கூட இல்லை. மேலே தெளித்த தண்ணீர் வழிந்து கீழ்ச்சட்டத்துக்குள் இறங்கியது. அதைப் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை, கோடு பாதி போயிருந்தது.

மறுநாள் வெண்ணெய்ப் பானையின் மேல் வெள்ளி மாதிரி ஒரு திட்டு. கண்ணாடிக்கும் வண்ணத்துக்கும் நடுவே காற்று புகுந்தால் அப்படித்தான் தெரியும். வண்ணம் காய்ந்தபோது பானையும் ஒரு பாதமும் செதில் செதிலாகச் சட்டத்துக்குள் உதிர்ந்தன.

அம்மா அக்காவைக் கேட்டார். “ஈரத்துணி போட்டியாம்மா?” “இல்லம்மா, நான் அந்தப் படத்தை இந்த வாரம் தொடவேயில்ல” என்றார் அவர், என்னைப் பார்த்துக்கொண்டு. எனக்கு அங்கே எல்லாம் தெரியும். துணி போட்ட கோடு நீளமாக, நேராக இருக்கும். கிருஷ்ணன் முகத்தில் இருந்தவை வட்ட வட்டமான சுவடுகள். சுற்றுகிற இயந்திரம் மட்டுமே போடக்கூடிய சுவடு. படிக்கத் தெரிந்தவருக்கு என் கையெழுத்து அது. அந்தக் கூடத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் தப்பித்துக்கொண்டேன்.

அவரை நாங்கள் நிறுத்தவில்லை, அவரே நின்றுவிட்டார். அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அம்மா எடுத்துக்கொண்டு, அக்கம்பக்கத்தில் “கை பத்திரம்” என்று சொல்லிவைத்தார். அவர் வேலை செய்த வேறு வீடுகளும் கைவிட்டன. மாசக்கணக்கில் வருமானம் குறைந்த குடும்பம் எப்படிச் சமாளித்தது என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் உண்மையைச் சொல்ல வேண்டிவரும். இந்த ஒன்றுதான் இன்றைக்கும் என்னை மிகவும் வதைக்கிறது. படம் போனது கைத்தவறு. அப்புறம் வந்த ஒவ்வொரு நாளும் தெரிந்து செய்தது.

பழைய ஓவியங்களைப் பழுதுபார்க்கும் ஒருவரிடம் படத்தைக் கொண்டுபோனபோது, முகத்தைப் பார்த்த உடனே, “மெஷின் போட்டது யாரு?” என்றார். அம்மாவும் கூட இருந்தார். நான்தான் என்றேன். உதிர்ந்ததை மறுபடி வரைய வேண்டாம், மிச்சமிருப்பதைக் காப்போம் என்று சொல்லி, முன்னால் இடைவெளி விட்டு இன்னொரு கண்ணாடி போட்டுக் கொடுத்தார். இனி அதைத்தான் துடைக்க வேண்டும்; அது கீறினால் மாற்றிக்கொள்ளலாம்.

வீடு திரும்பும் வழியில் அம்மா என்னோடு பேசவில்லை. நேராக அக்கா வீட்டுக்குப் போகச் சொன்னார். நான் சொல்லி முடிக்கும்வரை அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா நீட்டிய பணத்தை, நின்றுபோன மாசங்களுக்கான சம்பளம் என்று கணக்குப் பார்த்து வாங்கிக்கொண்டார். திரும்ப வேலைக்கு வருவதாக இல்லை என்றார். பிறகு என்னிடம், “எங்கிட்ட வந்து சொல்றது பெருசில்ல தம்பி. எனக்குத்தான் தெரியுமே. என்னை நிறுத்தின வீடுங்களுக்குப் போயி சொல்லுங்க” என்றார்.

தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன். ஒரு குடும்பம் மட்டும் இதற்குள் லாஸ்பேட்டைக்குக் குடிபோய்விட்டது, விலாசம் கிடைக்கவில்லை. அந்த வீட்டம்மா பத்திரிகை படிக்கிறவர்.