முழந்தாளிட முடியாத தவக்காலம்

கத்தோலிக்கனின் நம்பிக்கை அவனது நாவில் குடியேறுவதற்கு முன்பே முழங்காலில் குடியேறிவிடுகிறது. செபம் சொல்லத் தெரியாத குழந்தையைக்கூடக் கோவில் வாசல் தாண்டியதும் தாயின் கை தோளை மெல்ல அழுத்தி முழந்தாளிடச் செய்துவிடும். எருசலேமின் முதல் ஆயர் எனப் போற்றப்படும் யாக்கோபு இடைவிடாது முழந்தாளிட்டு மன்றாடியதால், அவருடைய முழங்கால்கள் ஒட்டகத்தின் முழங்கால்களைப்போல் காய்த்துப் போயிருந்தன என்ற பழைய மரபொன்றைத் திருச்சபை வரலாற்றாசிரியர் எவுசேபியு நான்காம் நூற்றாண்டில் பதிவு செய்து வைத்திருக்கிறார். குருமடத்தில் இதைப் படித்த நாளில் நமக்கு வியப்பாக இருந்தது. முழங்கால் என்பது தேயக்கூடிய ஒன்று என்ற நினைவு அந்த வயதில் யாருக்கு வரும்?

தேய்ந்தது. நம் இடது முழங்காலின் எக்ஸ்ரே படத்தைப் பார்த்த மருத்துவர், இரண்டு எலும்புகளுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி உட்புறத்தில் அறவே இல்லை என்றார். எலும்பின் முனையைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு அழிந்துபோய், எலும்போடு எலும்பு உரசுகிறது. தைலமும் ஊசியும் உதவும் கட்டம் கடந்துவிட்டது. ஐம்பத்தேழு வயது மூட்டு மாற்றுக்குச் சற்று இளமைதான் என்றாலும், இனித் தள்ளிப்போட இடமில்லை என்பது அவர் முடிவு.

செய்தி பங்கில் பரவியதும் ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள். "பாப்பரசரே முழங்கால் ஆபரேஷன் பண்ணிக்கலையே, நீங்க ஏன் சாமி?" என்று கேட்டார் மரியாயின் சேனைத் தலைவி. கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022 மே மாதம் முதல் சக்கர நாற்காலியில் மக்கள்முன் வந்தார். அதற்கு முந்திய ஆண்டில் நடந்த குடல் அறுவையின்போது தரப்பட்ட மயக்க மருந்தின் விளைவுகளை மறவாதவராய், முழங்காலுக்கு அறுவை வேண்டாமென்று மறுத்துவிட்டார். ஆனால் உரோமையில் தள்ளிச் செல்ல ஆளுண்டு, வழவழப்பான தரையுண்டு. நமக்கோ மூன்று கிளைக் கோவில்கள். அவற்றுள் ஒன்றுக்கு மழைக்காலத்தில் வரப்பின்மேல் நடந்துதான் போக வேண்டும். சக்கர நாற்காலி அங்கே ஏறாது. பொங்கல் கழிந்த வாரத்தில் அறுவை நடந்தது.

மூட்டு மாற்று என்றதும் முழங்காலையே கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைப் பொருத்துவதாகப் பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. தொடை எலும்பின் அடிமுனையையும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையையும் சில மில்லிமீட்டர் அளவுக்குச் சீவி, மேலே கோபால்ட் குரோமியக் கலவையாலான தொப்பி ஒன்றும் கீழே உலோகத் தட்டு ஒன்றும் பொருத்தி, இடையில் எளிதில் தேயாத பாலிஎத்திலீன் துண்டொன்றை வைக்கின்றனர். 1890-ஆம் ஆண்டிலேயே பெர்லினில் தெமிஸ்டாக்ளிஸ் குளுக் என்னும் மருத்துவர் யானைத் தந்தத்தால் கீல் செய்து பொருத்திப் பார்த்தாராம். சீழ்பிடித்ததால் அது நிலைக்கவில்லை. நம் நாட்டில் ஒன்றரை லட்ச ரூபாய்க்கு மேலும் விற்ற இந்த உலோக மூட்டுக்கு 2017 ஆகஸ்டில் நடுவண் அரசு 54,720 ரூபாய் என உச்சவரம்பு கட்டியது. நல்ல காரியம்தான். எனினும் மூட்டின் விலை வேறு, அறுவையின் செலவு வேறு. நாற்று நட்டும் களை பறித்தும் முழங்காலைத் தேய்த்தவர்களுக்கே அது எட்டாத உயரத்தில் இருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை.

முதுகுத்தண்டில் போட்ட ஊசியின் மரப்பு மாலையில் தெளியத் தொடங்கியது. அதன் பின்னரே வலி தன் முகத்தைக் காட்டிற்று. ஒவ்வொரு முறை மாறும்போதும் புதிதாக வரும் செவிலியர் கேட்ட முதல் கேள்வி: "வலி பத்துக்கு எவ்வளவு ஃபாதர்?" பூச்சியம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாது. ஏழு என்றோம். எழுதிக்கொண்டு போனவர் மருந்தோடு திரும்பி வந்தார். அடுத்த கட்டிலில் அதே அறுவை செய்துகொண்ட பெரியவர் ஒருவர் இருந்தார். அவரிடமும் அதே கேள்வி. "ஒண்ணுமில்லம்மா, பரவாயில்லை" என்பதே அவர் மறுமொழி. விளக்கணைந்த பிறகு விடியும்வரை முனகினார். மறுநாள் காலை வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்கச் சொன்னபோது, உறக்கமற்ற அந்த உடலில் ஓரடி வைக்கவும் தெம்பில்லை. 'பரவாயில்லை' என்பதை நம் மக்கள் பொறுமையின் மறுபெயராகவே கொண்டுவிட்டனர். குருவானவர்களிடம் அச்சொல்லை மற்றவர்கள் எதிர்பார்க்கவும் செய்கின்றனர்.

எதிர்பார்ப்பு விரைவிலேயே பழக்கூடையோடு வந்து சேர்ந்தது. நம் பங்கின் மூத்த உபதேசியார் கட்டிலருகே அமர்ந்து, "சாமி, மாத்திரையக் கொஞ்சம் கொறச்சுக்குங்க. தவக்காலம் வருது. வலிய உத்தரிக்கிற ஆன்மாக்களுக்காக ஒப்புக்கொடுக்கலாமே" என்றார். அன்போடு சொன்ன சொல். வலியை இறைவனுக்கு ஒப்புக்கொடுப்பது நம் தாய்மார்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் செல்வம்; அதைக் கேலி செய்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒப்புக்கொடுப்பதற்கு மாத்திரையை மறுக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. கல்வாரியில் வெள்ளைப்போளம் கலந்த திராட்சை இரசத்தை ஆண்டவர் ஏற்காததைப் பலர் இதற்குச் சான்றாகக் காட்டுவர். அவரே இறுதியில் புளித்த இரசத்தைக் கேட்டுப் பெற்றதுபோல ஏற்றுக்கொண்டார் என்பதை யோவான் எழுதியிருப்பது ஏனோ அவர்கள் கண்ணில் படுவதில்லை.

திருச்சபை இதில் நம்மை இருட்டில் விட்டுவிடவில்லை. 1957 பிப்ரவரி 24 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், மயக்கவியல் மருத்துவர்கள் எழுப்பிய வினாக்களுக்கு விரிவாக விடையளித்தார். வலிநீக்கும் மருந்தை மறுக்க வேண்டிய கடமை கிறிஸ்தவனுக்கு இல்லை. ஒருவர் தாமாக விரும்பி வலியை ஏற்கலாம். ஆயினும் கடும் வலி சில வேளைகளில் மனத்தின் ஆற்றலை உறிஞ்சி, உயர்ந்த நன்மைகளுக்கே தடையாகிவிடும் என்பது அவர் உரையின் சாரம். சாகும் தறுவாயில் இருப்போருக்கு வலியைத் தணிக்க மருந்து தருவதையும், சாவை விரும்பித் தராதவரை, கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு ஏற்கிறது. புற்றுநோய் முற்றிய தாய்க்கு மார்ஃபின் கொடுத்தால் பாவமாகுமா என்று இரவு பத்து மணிக்கு நம் வாசலில் வந்து நின்ற மகன்கள் உண்டு. அவர்களுக்கு நாம் சொன்ன விடையும் இதுவே: கொடுங்கள், உடனே போய்க் கொடுங்கள்.

முழங்கால் வலிக்காரர்களுக்குப் புனித இஞ்ஞாசியாரைவிட நெருங்கிய உறவினர் இல்லை. 1521 மே மாதம் பம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு அவர் காலை நொறுக்கியது. எலும்பு கோணலாகக் கூடியதால் மறுபடி உடைத்துச் சேர்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே ஓர் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. இறுக்கமான காலணி அணிய அது இடையூறு என்பதற்காக அதையும் அறுத்தெடுக்கச் சொன்னார். மயக்க மருந்து வர இன்னும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. கைமுட்டிகளை இறுக மூடியதைத் தவிர அவர் வேறெந்த அடையாளமும் காட்டவில்லையாம். வீரம்தான், ஆனால் அந்த வீரம் இறைவனுக்காக அன்று, காலின் அழகுக்காக! பின்னாளில் மன்ரேசாவில் அளவுகடந்த ஒறுத்தல்களால் உடலைக் கெடுத்துக்கொண்ட அவரே, தம் சபையாருக்கான சட்டங்களில் உடல்நலம் பேணுவதைப் பற்றித் தனியே எழுதி வைத்தார். வலியின் இரு முகங்களையும் பார்த்தவர் எழுதிய சட்டம் அது.

புனித இரண்டாம் ஜான் பால் 1984 பிப்ரவரி 11, லூர்து அன்னை திருநாளன்று, துன்பத்தின் மீட்பளிக்கும் பொருளைப் பற்றி 'சால்விஃபிச்சி தொலோரிஸ்' என்னும் திருத்தூது மடலை வெளியிட்டார். துப்பாக்கிக் குண்டு துளைத்த உடலோடு எழுதியவர்; பத்தாண்டுகள் கழித்து, 1994-இல், குளியலறையில் விழுந்து தொடை எலும்பு முறிய, அவருக்கும் செயற்கை இடுப்பு மூட்டு பொருத்தப்பட்டது. கிறிஸ்துவின் துன்பங்களில் பங்குபெறுவதைப் பற்றிய பவுலடியாரின் எண்ணத்தில் தொடங்கும் அம்மடல், நிறைவை நெருங்கும்போது நல்ல சமாரியரிடம் வந்து சேர்கிறது. இதை மருத்துவமனைப் படுக்கையில் நினைத்துப் பார்த்தோம். வழியில் கிடந்தவன் எவ்வளவு பொறுமையாகக் கிடந்தான் என்பதைப் பற்றி அந்த உவமையில் பேச்சே இல்லை. நின்றவனைப் பற்றியும், எண்ணெயும் இரசமும் வார்த்த அவன் கையைப் பற்றியுமே பேச்சு. உபதேசியாரிடம் இதைச் சொன்னோம். சற்று நேரம் சும்மா இருந்தார். பிறகு, "அப்ப தண்ணி எடுத்துத் தரட்டுங்களா சாமி, மாத்திரைக்கு?" என்றார்.

உண்மையில் ஒப்புக்கொடுக்க வேண்டிய வலி அதற்குப் பிறகுதான் வந்தது. புதிய மூட்டை முதல் வாரங்களில் மடக்கிப் பழக்காவிட்டால் உள்ளே தழும்பு இறுகி, கால் விறைத்தே போய்விடும். சமதரையில் நடக்க அறுபது, எழுபது பாகை மடங்கினால் போதும். படியேறவும் நாற்காலியிலிருந்து எளிதாக எழவும் தொண்ணூறைத் தாண்ட வேண்டும். வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் தம்பிக்கு வயது இருபத்தாறு இருக்கும். கையில் கோணமானி, முகத்தில் புன்னகை, இரக்கம் மட்டும் கிடையாது. "எழுபத்தெட்டு ஃபாதர். நாளைக்கு எண்பது." குதிகாலை மெத்தையில் இழுத்து இழுத்து மடக்கும்போது கண்ணீர் தானாக வழியும். பயிற்சிக்கு அரைமணி நேரம் முன்னதாக வலி மாத்திரை, முடிந்ததும் பனிக்கட்டி ஒத்தடம், காலை உயர்த்தி வைத்து ஓய்வு என்பது ஒழுங்கு. மாத்திரையைத் தவிர்த்தால் பயிற்சியும் தவிர்ந்துவிடும் என்பது இரண்டே நாளில் விளங்கும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொண்டால் சுகமாக இருக்கும்; ஆனால் கூடாது, கால் நீட்ட முடியாமல் மடங்கியே நின்றுவிடும். இப்படி ஒரு சுகத்தை ஒறுக்க எந்தத் தவக்கால மறையுரையிலும் நாம் யாருக்கும் சொன்னதில்லை.

காலை நேராகத் தூக்கிப் பிடிக்கும் பயிற்சி, ஒரு வேளைக்குப் பத்து முறை. கடிகாரம் பார்ப்பதற்குப் பதில் செபமாலையை எடுத்துக்கொண்டோம். மங்கள வார்த்தைச் செபத்தின் முற்பாதி முடியும்வரை கால் மேலே, பிற்பாதியில் இறக்கலாம். ஒரு பத்துமணி முடிந்தால் ஒரு சுற்று முடிந்தது. மறையுண்மைகளைத் தியானித்தோம் என்று பெருமை பேச முடியாது; மாதாவே, இறக்கலாமா என்பதே தியானமாக இருந்தது. படியில் ஏறும்போது நல்ல கால் முந்த வேண்டும், இறங்கும்போது அறுவை செய்த கால் முந்த வேண்டும் என்று தம்பி சொல்லித் தந்தார். நல்லது மேலே, கெட்டது கீழே: மறைக்கல்விக் குழந்தைக்கும் மறக்காது.

எல்லா வலியையும் இப்படி ஏற்கலாகாது. கெண்டைக்கால் வீங்கி இறுகி வலித்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, காயம் கசிந்தாலோ, மூச்சு வாங்கினாலோ நள்ளிரவானாலும் மருத்துவரை அழைக்க வேண்டும். இரத்தம் உறைந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே கேடு. பொறுத்துக்கொள்ளக் கூடாத வலியும் உண்டு.

இரவுகள் நீண்டவை. பகலில் அடங்கிக் கிடக்கும் வலி விளக்கணைந்ததும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். திருப்புகழ்மாலை கையில் இருக்கும், கண் ஓடும், சொல் உள்ளே இறங்காது. அந்நாள்களில் நமக்காகச் செபித்தவர்கள் நம் மக்களே. குளிக்கவும் உடுத்தவும் உதவியவர் கோவில்பிள்ளை. அவருடைய தந்தைக்கு நோயில்பூசுதல் கொடுத்துக் கண்மூடியவர் நாம். இப்போது அவர் நம் பாதத்தைத் துவாலையால் துடைத்துவிட்டார். பேதுருவுக்குத் திபேரியாக் கடலோரம் சொல்லப்பட்டது எதைப் பற்றி என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது கொஞ்சம் தெரிந்தது. வலியைவிடக் கூச்சம் கடினம்.

ஆறாம் வாரம் மீண்டும் பீடம் ஏறினோம். திருப்பலியில் குரு மூன்று முறை முழந்தாளிட வேண்டும். நம்மால் இயலவில்லை. முழந்தாளிட்டால் உலோகம் உடைந்துவிடாது என்கிறார் மருத்துவர்; ஆனால் தோலை அறுக்கையில் சிறு நரம்புக் கிளை அறுபடுவதால் மூட்டின் வெளிப்புறம் உள்ளங்கையளவு இன்றும் மரத்தே இருக்கிறது. அதன்மேல் பாரம் வைத்தால் அது நம் கால்தானா என்று ஐயமாகிறது. ஆகவே கைகூப்பித் தலைதாழ்த்தி வணங்கினோம். இது நம்முடைய கண்டுபிடிப்பு அன்று. இந்திய ஆயர்கள் கேட்டு, 1969 ஏப்ரல் 25 அன்று உரோமை இசைவளித்த பன்னிரண்டு மாற்றங்களுள், முழந்தாளிடுவதற்குப் பதில் கூப்பிய கரங்களோடு ஆழ்ந்து வணங்கலாம் என்பதும் ஒன்று. அதை ஏட்டில் படித்தும் பழக்கத்தில் கொண்டு வராதிருந்த நம் பங்குக்கு, ஒரு தேய்ந்த முழங்கால் அதைக் கொண்டு வந்தது. சில பாட்டிமாருக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

பெரிய வியாழனன்று பன்னிருவர் பாதங்களைக் கழுவ உதவிப் பங்குத்தந்தை முழந்தாளிட்டார். நாம் துவாலையோடு பக்கத்தில் நின்று ஒவ்வொரு பாதமாக அவர் கையில் துவாலையைத் தந்து வாங்கினோம். பன்னிருவரில் ஐவர் நாற்காலியிலிருந்து எழும்போது தொடையில் கையூன்றி எழுந்ததை, இத்தனை ஆண்டுகளில் அன்றுதான் கவனித்தோம்.

இப்போதெல்லாம் திருப்பலி முடிந்ததும் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வருவோரைவிட முழங்காலைப் பற்றிக் கேட்க வருவோர் அதிகம். சென்ற ஞாயிறு கீரை விற்கும் அம்மா ஒருவர் வந்தார். அரசு மருத்துவமனையில் அவருக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

"ராத்திரில ரொம்ப வலிக்குமாமே சாமி?"

"வலிக்கும்மா. முதல் ஆறு வாரம் வலிக்கும். அப்புறம் கொறையும். வீக்கம் முழுசா வடிய இன்னும் பல மாசம் ஆகும். நர்சம்மா பத்துக்கு எவ்வளவுன்னு கேப்பாங்க. உள்ளத உள்ளபடி சொல்லணும்."

"எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாதே சாமி."

"பிள்ளை பெத்த வலிய பத்துன்னு வெச்சுக்குங்க."

அவர் கூடையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு யோசித்தார். "எந்தப் பிள்ளைக்கு சாமி? மூணாவது பய சும்மா வழுக்கிக்கிட்டு வந்துட்டானே."

மூத்த பிள்ளையை வைத்துக் கணக்குப் பார்க்கச் சொல்லி அனுப்பி வைத்தோம்.