முந்தி வந்தால் அபராதம்

திருமலையிலிருந்து இறங்கும் மலைப்பாதை 1944இல் திறக்கப்பட்டது. குறித்த நேரத்துக்கு முன்பே அலிபிரி வந்து சேரும் காருக்கு இங்கே அபராதம். வாடகைக் கார் ஓட்டும் அந்தச் சித்தூர்க்காரர் (வீட்டில் தமிழ், சவாரியில் தெலுங்கு) ரேஸ் மைதானங்களை எடைபோடுவதும் இந்தப் பாதையை வைத்துத்தான்.

இளமையில் பார்த்த சோழவரம் அவருக்குத் திருவிழா. ஆனால் விமான ஓடுபாதைதானே, ஏற்ற இறக்கம் ஏது? 1990இல் வந்த இருங்காட்டுக்கோட்டை 3.7 கி.மீ.தான், வளைவுகளோ 12. 2012இல் கருண் சந்தோக் அணி 24 மணி நேரம் ஓடி ஆறாமிடம் பிடித்த லெ மான் 13.6 கி.மீ. "நீண்ட நேர்பாதையில் பிரேக் ஆறிவிடும் சார். அடுத்தடுத்து வளைவு வந்தால்தான் சங்கடம்." அனுபவம் பேசுகிறது. ஒருமுறை இறக்கத்தில் பிரேக் மிதி பஞ்சாக அமுங்க, பாறையில் உரசித்தான் கார் நின்றது. பின்சீட்டில் மொட்டையடித்த குழந்தை.

2025 ஜனவரி, துபாய் 24 மணி நேரப் போட்டி. பயிற்சியில் விபத்துக்குள்ளான அஜித் குமார், தன் அணியின் காரை ஓட்டாமல் ஒதுங்கினார்; அணி தன் பிரிவில் மூன்றாமிடம். சித்தூர்க்காரருக்குப் பிடித்தது அந்த ஒதுங்கல்தான். ரயிலுக்கு அவசரப்படுத்தும் பயணிகளிடம், "பிரேக் ஆறட்டும்" என்று வண்டியை ஓரங்கட்டுகிறார். அபராதமும் மிச்சம்.