அம்பெட்டும் தூரம்

இணை சேரும் பருவத்தில் ஆண் மானை நெருங்குவது சுலபம். ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் மான் காட்டுகிற தொழிலில் இருப்பவன் இதை வெளியே சொல்லக்கூடாது, ஆனாலும் உண்மை அதுதான். மற்ற நாட்களில் தொலைவிலேயே தலைதூக்கிப் பார்த்துவிட்டுப் பாய்ந்தோடும் வெளிமான் கிடா, அந்த நாட்களில் தன் எல்லையை விட்டு நகராது. ஒரே இடத்தில் புழுக்கை போட்டுக் குவித்து, அதற்கே திரும்பத் திரும்ப வரும். கண்ணுக்கு முன்னால் இருக்கும் சுரப்பியைக் குச்சியில் தேய்த்து வாசனை வைக்கும். நம்மைப் பார்த்தாலும் அதன் கவலையெல்லாம் பக்கத்து எல்லையில் நிற்கும் இன்னொரு கிடாவைப் பற்றித்தான். பசி பின்னுக்குப் போய்விடும், பயமும் கொஞ்சம் போய்விடும். அப்படிப்பட்ட நேரத்தில் எங்கே நிற்பது என்பதுதான் என் தொழிலில் கற்றுக்கொள்ள நாளான விஷயம்.

சென்னையை ஒட்டிய குமணன்சாவடியில் மெட்ரோ தூண்களுக்குக் கீழே ராத்திரி வேனில் ஆள் ஏற்றிக்கொண்டு, விடியலில் கோடியக்கரையில் இறங்குவோம். மான் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பவர்களும் உண்டு. பூந்தமல்லி ரோட்டில் நேராகப் போனால் கிண்டி. சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவில் புள்ளிமானும் இருக்கிறது, வெளிமானும் இருக்கிறது. நான் மானின் குரலைக் கற்றதே அந்தக் காட்டின் இன்னொரு துண்டில்தான். 1959இல் கிண்டிக் காட்டிலிருந்து நிலம் பிரித்துக் கொடுத்து உண்டான ஐ.ஐ.டி. வளாகத்தில் ஒப்பந்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கோடையில், விடுதிக் கட்டடங்களுக்குப் பின்னால் புள்ளிமான் கலை கத்தும். கரகரத்த, நீளமான கத்தல். பின்னங்காலில் எழுந்து நின்று கொம்பால் கிளையை உலுக்கும். புதிதாக வந்தவர்கள் ஏதோ அடிபட்டுக் கிடக்கிறது என்று காவலாளியைக் கூப்பிடுவார்கள்.

வெளிமான் அப்படிக் கத்தாது. உறுமலும் செருமலும்தான், அதுவும் அருகில் இருந்தால்தான் கேட்கும். அதன் பேச்செல்லாம் உடம்பில். மூக்கை வானத்துக்குத் தூக்கி, முறுக்குக் கொம்பு முதுகில் படும்படி சாய்த்து, காதைத் தாழ்த்தி, வாலைச் சுருட்டி, அளந்து அளந்து நடக்கும். கல்யாண வீட்டில் சம்பந்தி நடப்பதுபோல என்று வேனில் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். தெற்கே பல கிடாக்கள் முழுக்கக் கறுப்பதில்லை, கரும்பழுப்போடு நின்றுவிடும். படத்தில் வடநாட்டுக் கரிய கிடாவைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இதில் ஏமாற்றம். எனக்கு அந்தப் பழுப்புதான் பிடிக்கும். காய்ந்த புல்லோடு ஒட்டும்.

ஒருமுறை அமெரிக்காவில் கொலராடோவில் இருக்கும் நம்மூர்க்காரர் ஒருவர் வந்தார். அங்கே செப்டம்பரில் வில்லோடு எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர். உரிமம் வாங்கிச் சட்டப்படி செய்வது. நம் ஊரில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அவர் சொன்ன தொழில் நுணுக்கத்தை வாய் பிளந்து கேட்டேன். எல்க் கிடா சீழ்க்கை மாதிரி உச்சத்துக்குப் போய்ச் செருமலில் முடியும் குரலில் கூப்பிடுமாம். வழிகாட்டி வாய்க்குள் சின்னச் சவ்வை வைத்துக்கொண்டு பெண் மானாகப் பேசுவார். அவர் வில்லாளியின் பக்கத்தில் இருக்கமாட்டார். நாற்பது ஐம்பது மீட்டர் பின்னால் உட்கார்ந்திருப்பார். குரலைத் தேடி வரும் கிடா, வில்லாளியைத் தாண்டிப் பார்த்துக்கொண்டே வந்து அம்பெட்டும் தூரத்தில் நிற்கும். மான் தலை ஒரு மரத்துக்குப் பின்னால் மறையும் அந்த நொடியில்தான் நாணை இழுக்க வேண்டும். காலையில் மலைக்காற்று கீழ்நோக்கி இறங்கும், வெயில் ஏறியதும் மேல்நோக்கித் திரும்பும். அந்தத் திருப்பம் தெரியாத வழிகாட்டிக்குச் சம்பளம் தண்டம்.

“முப்பது மீட்டர்ல நேருக்கு நேர் நின்னுச்சுண்ணே. வழிகாட்டி வேணாம்னு தலையாட்டிட்டார்” என்றார். நெஞ்சுக்கு நேராக விட்டால் எலும்பில் பட்டு வீணாகலாம். பக்கவாட்டில் திரும்பினால்தான் அம்பு நுரையீரலுக்குப் போகும். குறி தப்பினால் மான் மைல் கணக்கில் ஓடி எங்கோ கிடந்து சாகும். மான் திரும்பவில்லை, போய்விட்டது. அந்த வருஷம் வெறுங்கையோடு வந்தாராம். அந்த வழிகாட்டியை நான் பார்த்ததில்லை, ஆனால் மதிக்கிறேன்.

அவருடைய குரல் வித்தையை மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. போனில் பதிவு செய்த குரலைப் போட்டு விலங்கை இழுக்கும் வழக்கம் இப்போது காமிராக்காரர்களிடம் பரவியிருக்கிறது. என் வேனில் அதற்கு அனுமதி இல்லை. எல்க் வேட்டையில் அந்த ஏமாற்று ஒரு தடவையோடு முடிகிறது. நான் அதே கிடாவிடம் வாரக் கடைசிதோறும் ஆள் கூட்டிப் போகிறேன். ஏற்கெனவே மேய்ச்சலைக் குறைத்துக்கொண்டு எல்லை காக்கிற பிராணி அது. ஒவ்வொரு தடவை நம் பக்கம் திரும்பிப் பார்க்கும்போதும் அதன் எல்லையில் ஒரு ஓரம் காவலில்லாமல் போகிறது. இன்னொரு கிடா அதற்காகத்தான் காத்திருக்கிறது.

கோடியக்கரையில் வேறு கணக்கும் இருக்கிறது. 1967இல் சரணாலயமாக அறிவித்த இடம். உலர் பசுமைமாறாக் காட்டுக்கும் உப்புச் சதுப்புக்கும் நடுவில் திறந்த புல்வெளி. வெளிமானுக்குக் கண்தான் முதல் காவல், அதனால் திறந்த வெளி வேண்டும். அந்த வெளிக்குள் சீமைக்கருவேலம் புகுந்துவிட்டது. வீட்டிலிருந்து விடுபட்டுக் காட்டில் பெருகிய குதிரைகள் அதே புல்லை மேய்கின்றன. புதர் வளர்ந்த பக்கம் மறைந்து மறைந்து போய்ப் படம் எடுக்க நமக்கு வசதி. மானுக்கு அது நரி ஒளியும் இடம். புதருக்குப் பின்னால் பதுங்க வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான். வனத்துறை விட்ட தடத்தில், வெட்டவெளியில், அதன் கண்ணில் படும்படி உட்காருங்கள். யார், எங்கே என்று தெரிந்துவிட்டால் கிடா தன் வேலைக்குத் திரும்பிவிடும்.

இதில் மானைவிட மனிதரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. லென்ஸுக்கு லட்சக்கணக்கில் செலவழித்தவருக்கு இன்னும் பத்தடி போனால் என்ன என்று தோன்றும். “அண்ணே, அது ஓடலையே” என்பார். ஓடாது, அதனால்தான் போகக்கூடாது என்பேன். முகம் சுளிப்பார். கிடா நடையை நிறுத்தி, தாழ்த்திய காதை நம் பக்கம் நிமிர்த்தினால் ஓரடி பின்வாங்க வேண்டும். இது ஒன்றுதான் என் விதி. எத்தனை மீட்டர் என்று கேட்பவருக்குப் பதில் கிடையாது. சில காலைகளில் நூறு மீட்டரே அதிக நெருக்கம், சில காலைகளில் எழுபதில் உட்கார்ந்திருப்போம்.

பத்து மணி வாக்கில் கடல்காற்று திரும்பும். புல்லின் மேல் கானல் ஓடத் தொடங்கினால் படம் தெளிவாக வராது. அப்போது கூட்டத்தைக் கிளப்பிவிடுவேன். யாரும் மறுப்பதில்லை. அந்த நேரத்துக்கு எல்லோருக்கும் பசி வந்திருக்கும்.