பெயரறியாதோர் பாடல்கள்

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மச்சான் ஒருவர், திரும்பிச் செல்லும்போது தமது பழைய இறுவட்டுக்களுள் ஒன்றை என்னிடம் விட்டுச் சென்றார். ‘எமோ டயறிஸ்’ என்னும் தொடரின் முதலாவது தொகுப்பு அது. திரைப்பாடலும் கோயில் நாதஸ்வரமும் கேட்டு வளர்ந்த என் செவிக்கு, இரைச்சலிடும் கித்தாரும் தொண்டை கிழியக் கதறும் குரலும் முதலில் இசையாகவே தோன்றவில்லை.

‘எமோ’ என்பது உணர்ச்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கமாகும். 1980களின் நடுப்பகுதியில், வாசிங்டன் நகரத்து இளைஞர் சிலர், சமூகத்தின்மீது சினந்து பாடிய பங்க் இசையைத் தம் உள்ளத்துத் துயரைப் பாடுதற்கும் கையாளத் தலைப்பட்டனர். ‘றைட்ஸ் ஒஃப் ஸ்பிறிங்’ என்னும் குழு 1985 இல் வெளியிட்ட இசைத்தட்டு இவ்வகையின் தோற்றுவாயாகக் கொள்ளப்படுகின்றது. அப்பெயரை அவர்கள் விரும்பினாரல்லர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. உணர்ச்சியைக் கொட்டுபவரை எள்ளும் வழக்கம் எந்நாட்டிலும் உண்டு போலும்.

1995 இல் நியூயோர்க்கில் தொடங்கப்பெற்ற ‘டீப் எல்ம்’ என்னும் சிறிய வெளியீட்டகம் 1997 இல் இத்தொடரை ஆரம்பித்தது. 2011 வரை பன்னிரண்டு தொகுப்புக்கள் வெளிவந்தன. எக்குழுவும் தன் பாடலை அனுப்பலாம் என்பதே அதன் விதி. இடம்பெற்றவருட் பெரும்பாலோர் எந்த நிறுவனத்தோடும் ஒப்பந்தஞ் செய்யாதவர்கள். முதற்றொகுப்பில் இடம்பெற்ற ‘ஜிம்மி ஈட் வேர்ல்ட்’ குழு 2001 இன் பின்னர் உலகப் புகழ் பெற்றது. ஏனையவற்றுட் பலவற்றை இன்று நினைவுகூர்வோர் அரியர். ஆயினும் புகழடைந்த ஒரு குழுவைக் கொண்டு மட்டும் தொகுப்பின் பெறுமதியை அளத்தல் தகாது. குறுந்தொகையைத் தொகுத்தவர் பெயர் தெரிந்த புலவரின் பாடல்களை மட்டுமே ஏற்றிருந்தால், தம் உவமையாலேயே பெயர் பெற்ற செம்புலப்பெயனீரார் நமக்குக் கிடைத்திருப்பாரா?

இவ்வினா எழுந்தபோதுதான் என் நெஞ்சு குறுகுறுத்தது. சென்ற ஆண்டு இவ்விதழின் தேர்வுக்குழுவில் நானும் ஒருவன். முதலாம் வருட மாணவர் ஒருவர், தம் தந்தையின் மறைவு பற்றிய கவிதையொன்றைக் கொப்பித் தாளில் எழுதித் தந்திருந்தார். “உணர்ச்சி கூடிப்போச்சு, பக்குவம் காணாது” என்று கூறி அதனை ஒதுக்கியவன் நானே. இரண்டாம் முறை படித்தேனல்லேன். அவ்விடத்தில் நாம் அனைவரும் அறிந்த ஒருவரின் கவிதை அச்சேறியது. அதில் பக்குவம் இருந்தது. வேறெதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அந்த மாணவரின் தாளிலோ, தந்தையின் சைக்கிள் மணியை மழைக்குத் துருப்பிடியாமல் துடைத்து வைக்கும் தாயொருத்தி இருந்தாள். அவள் இன்றும் என் கண்முன் நிற்கின்றாள்.

ஒருநாள் சிற்றுண்டிச்சாலையில் அவரைக் கண்டு, அக்கவிதையைத் திரும்பத் தருமாறு கேட்டேன்.

“அதைக் கிழிச்சுப் போட்டன் அண்ணை,” என்றார்.

“திருப்பி எழுதேலாதோ?”

“அப்ப எழுதினது அப்பதான் வரும்.”

கோபமின்றியே கூறினார், அதனாலேயே அச்சொல் என்னைச் சுட்டது. அந்த இறுவட்டிலே சுருதி பிசகும் குரல்களை இப்போது நான் வேறுவிதமாகக் கேட்கின்றேன். அப்பிசகைத் திருத்திவிட்டு வருமாறு அவர்களைத் திருப்பியனுப்பியிருந்தால், அவர்களுட் சிலர் திரும்பி வந்தே இருக்கமாட்டார்கள்.

பக்குவம் வேண்டாமென்பது என் கருத்தன்று. பக்குவம் வரும்வரை ஒருவன் எழுதிக்கொண்டிருப்பதற்கு, அவன் குரலை ஒருமுறையேனும் யாராவது கேட்டிருக்க வேண்டும். மாணவர் இதழொன்று செய்யத்தக்க பணி அதுவே எனலாம். அடுத்த ஆண்டு இதனைத் தொகுக்கவிருப்போர், பெயரைப் பார்க்குமுன் கொப்பித் தாளை இருமுறை படிப்பாராக. இவ்விதழில் அந்த மாணவரின் கவிதை இல்லை.